இடமாகச் சுற்றிய கயிறு

சிரட்டைத் தணலில் எஞ்சினுக்குப் பொறி போடும் பிளக்கைச் சுடும்போது முதலில் எண்ணெய் கருகும் மணம் வரும், பிறகு பீங்கான் சூடேறும் வறண்ட மணம், கடைசியாகக் குறடு பிடித்திருப்பவரின் விரல் மயிர் பொசுங்கும் மணம். அது வந்துவிட்டால் பிளக் பதமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். போர்த் தடையால் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராமல் நின்றுபோன அந்த வருடங்களில், எங்கள் தொண்டைமானாற்றில் தேநீருக்கு அடுப்பு மூட்டியவர்களைவிடப் பிளக் சுட அடுப்பு மூட்டியவர்கள்தான் அதிகம் என்று சொன்னால், கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்குமே தவிர முழுப் பொய்யாகாது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலை நாலு சொட்டு விட்டு, உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால், வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு மாதிரி ஓடும். பிளக்கில் கரி பிடித்ததும் நின்றுவிடும். மறுபடி தணல். ஓடாத எஞ்சின் எதைக் கண்டாலும் எங்கள் ஒழுங்கையில் ஆறு வயதுப் பிள்ளைகூட, "எண்ணெய் பிழை, பிளக்கைச் சுடுங்கோ" என்று வைத்தியம் சொல்லும். அந்த வைத்தியம்தான் என்னை மூன்று கிழமை அலைக்கழித்தது.

எனக்கு அப்போது பதினாறு வயது. அண்ணை ஜேர்மனிக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடிதம் எப்போதாவது, கொழும்பிலிருந்து வருகிற யாருடையவாவது பையின் அடியில் மடங்கிக் கிடந்து வரும். ஒரு நாள் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கசற் வந்தது. அதன் மேல் அண்ணையின் கோணல் எழுத்தில் 'அம்மாவுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் கசற் போடுகிற றேடியோ இருந்தது. போட்டுக் கேட்பதற்குத்தான் பற்றரி இல்லை. மின்சாரம் நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. பற்றரியோ, கொண்டுவரக் கூடாத பொருட்களின் பட்டியலில் பெற்றோலுக்குப் பக்கத்தில் இருந்தது. செத்துப்போன நாலு பற்றரிகளைத் தேடியெடுத்து, ஊரில் எல்லாரும் செய்வதுபோல ஆணியால் துளைத்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் போட்டேன். அம்மா தலைக்கு முழுகி, விபூதி பூசி, றேடியோவுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தா. "அம்மா, நான் இஞ்சை..." என்று அண்ணையின் குரல் வந்தது. அவ்வளவுதான். அடுத்த சொல் தடித்து, இழுபட்டு, எருமை கனைப்பது போலாகி நின்றுவிட்டது.

சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து மிதித்துப் பார்த்தேன். செய்தி கேட்க அந்த முறை நல்லது. வாசிப்பவரின் குரலில் ஒரு நடுக்கம் இருக்கும், அவ்வளவே. கசற் அப்படியில்லை. அழுத்தி மிதித்தால் அண்ணை கீச்சுக் குரலில் ஓடுவார், மூச்சு வாங்கினால் கிணற்றுக்குள்ளிருந்து முனகுவார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை, அம்மா காதைப் பொத்திக்கொண்டா. "நிப்பாட்டு பிள்ளை. உது என்ரை பிள்ளையின்ரை குரல் இல்லை. இனி இப்பிடிப் போடாதை." கசற்றை எடுத்துக்கொண்டுபோய் அலுமாரியில் கூறைச் சேலைக்குள் வைத்துவிட்டா. கலியாண வீடுகளுக்கு ஜெனரேற்றர் கொடுப்பவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அவரிடம் கொண்டுபோவோம் என்றேன். "ஊர் கூடி நிண்டு கேக்கிறதுக்கே அவன் கதைச்சு அனுப்பினவன்? நல்லது கெட்டது எதெண்டாலும் முதல் நான்தான் கேக்கோணும்" என்றா. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மாலையில் அம்மா அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவா. எடுக்கமாட்டா, பார்ப்பா. எனக்கு அந்த அலுமாரிக் கதவின் சத்தம் பொறுக்க முடியாமல் போயிற்று. ஒரே வேகத்தில், மூச்சு வாங்காமல், டைனமோவைச் சுற்றக்கூடிய ஒரு சின்ன எஞ்சினை நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சொல்வது சுலபம். நான் ரூத்திடம் போனேன். ரூத் என் வகுப்புக்காரி. பருத்தித்துறைப் பக்கத்து மிஷன் பாடசாலை வாத்தியார் குடும்பம். அவர்கள் வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் அது புத்தகம் வைக்கிற பெட்டியாகி, மேல் தட்டில் வேதாகமமும் கீழ்த் தட்டில் கணக்குப் புத்தகங்களுமாக நின்றது. அதன் அடியில் இருந்த கொம்பிரசரைக் கழற்றினால் உள்ளே அழகான ஒரு சிலிண்டரும் பிஸ்ரனும் இருக்கும் என்பது ரூத்தின் கண்டுபிடிப்பு. அவளுடைய தகப்பனாருக்கு அதைச் சொன்னோமா இல்லையா என்பதை இப்போதும் நான் சொல்லப்போவதில்லை. சிலிண்டரின் பக்கத்தில் துளை போட்டு அராவ ஒரு மாதம் பிடித்தது. என் உள்ளங்கைத் தோல் இரண்டு தரம் உரிந்தது.

பொறி போடுவதற்கு அப்பாவின் வள்ளத்து எஞ்சினில் இருந்த காந்தச் சக்கரத்தைக் கேட்டோம். அது சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கிப் பிளக்குக்கு அனுப்பும், பற்றரி தேவையில்லை. கடலுக்குப் போகத் தடை இருந்ததால் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. எஞ்சின் சாக்கில் சுற்றியபடி அறை மூலையில் நின்றது. அப்பா அதிகம் கதைக்காதவர். எஞ்சின் மேலிருந்த சாக்கை விலக்கி, "கடல் திறக்கிற அண்டு இது திரும்பி என்ரை எஞ்சினிலை இருக்கோணும்" என்று சொல்லிக் கழற்றித் தந்தார். வள்ளத்து எஞ்சினில் அந்தச் சக்கரம் வானத்தைப் பார்த்து இருக்கும். எங்கள் கொம்பிரசரின் தண்டு அமைந்த விதத்தில் அதை அப்படிப் பூட்ட வழியில்லாததால், கடைச்சல் பட்டறைக்காரர் இடையில் போடும் உலோகப் புஷ் ஒன்று அடித்துத் தர, நாங்கள் அதைக் கவிழ்த்துப் பூட்டினோம். சக்கரம்தானே, எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று இருந்துவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கிணற்றடியில் பனங்குற்றி மேல் எஞ்சினை இருத்தினோம். அம்மா கற்பூரம் கொளுத்தினா. கிளப்புகிற கயிற்றைச் சக்கரத்தில் வலமாகச் சுற்றச் சொன்னா. சொல்லியிருக்கவே தேவையில்லை. கோயிலை வலமாகத்தான் சுற்றுகிறோம், ஆரத்தியை வலமாகத்தான் சுற்றுகிறோம், வள்ளத்தில் கயிறு சுருட்டுவதும் வலமாகத்தான். இடமாகச் சுற்றுவது சுடலையில் மட்டும். அப்பாவும் முப்பது வருடமாகத் தன் எஞ்சினுக்குக் கயிற்றை வலமாகச் சுற்றித்தான் இழுத்தவர். ஆகவே சாத்திரமும் தொழிலும் ஒரே பக்கம் நின்றன. நான் இழுத்தேன். எஞ்சின் 'புஸ்' என்றது. நூறு தரம் இழுத்தேன்; நூறு தரமும் 'புஸ்'.

அன்று தொடங்கியது வைத்தியம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் தலையில் படுக்கவைத்து, கயிற்றை இழுத்துப் பார்த்தால் நீலப் பொறி 'டிக் டிக்' என்று துள்ளியது. நிழலில் பிடித்துப் பார்த்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன், என் சொந்த விரலையே வைத்தும் பார்த்தேன். அந்த அடி தோள்மூட்டு வரைக்கும் ஏறியது. ஆக, பொறியில் பிழையில்லை. அப்பா ஒரு தரம் மோந்து பார்த்து, "எண்ணெய்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒழுங்கை முழுவதும் அதை ஆமோதித்தது. மண்ணெண்ணெயைத் துணியில் வடித்தோம். வெயிலில் வைத்துச் சூடாக்கினோம். அதற்குள் பூச்சி உருண்டை போட்டால் நெருப்புக் கூடும் என்றார்கள், போட்டோம். கிணற்றடி அலுமாரி மணம் மணத்தது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. பெற்றோல் நாலு சொட்டை எட்டுச் சொட்டாக்கினோம். பிளக்கைச் சுட்டுச் சுட்டு அதன் பீங்கானே வெடித்து, இன்னொரு பிளக்குக்கு நான் சன்னிதி கோயில் வாசலில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எல்லாரிடமும் பல்லிளித்தேன்.

ரூத் ஞாயிறு பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் என்ன மாற்றினோம் என்று எழுதி வந்தாள். "ஒரு நாளைக்கு ஒண்டுதான் மாத்தோணும். எல்லாத்தையும் ஒண்டாய் மாத்தினா எதாலை பிழைச்சது எண்டு தெரியாது" என்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. குறட்டைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிந்தவள் நான். வாளி விட்டு அதை எடுத்தவள் அவள். ஆனால் விடுவது என்ற பேச்சு எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு நாளும் வரவில்லை. மாலையானால் அலுமாரிக் கதவு சத்தம் போடும். அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்ததும் நான் கயிற்றைப் பிடித்துவிடுவேன்.

மூன்றாம் கிழமை சனிக்கிழமை, அப்பா கடற்கரையிலிருந்து வேகமாக வந்தார். திங்கட்கிழமை தொடக்கம் கடலுக்குப் போகப் 'பாஸ்' கொடுக்கிறார்களாம். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து நெடுநாளாகியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நான் அழுதேன். "நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் வைச்சிரு. அதுக்குப் பிறகு எனக்கு வேணும்" என்று அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ரூத் தேவாலயம் முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையுடன் வந்துவிட்டாள். காலை பத்து மணியிலிருந்து இழுத்தோம். என் கை ஓய்ந்துபோன ஒரு நேரம், இழுத்த இழுப்பில் பலம் போதாமல், பிஸ்ரன் மேலே ஏற முடியாமல் முட்டித் திரும்பியது. சக்கரம் நான் இழுத்ததற்கு எதிர்ப்பக்கமாகப் பின்னோக்கி உருண்டது. உருண்ட அந்தக் கணத்தில், 'டப் டப் டப்' என்று மூன்று வெடி. எஞ்சின் குற்றியோடு துள்ளிவிட்டு நின்றது. மூன்று கிழமையில் அது பேசிய முதல் வார்த்தை அதுதான். ரூத் கொப்பியை எடுத்தாள், எழுதவில்லை. தன் கைமணிக்கூட்டைக் கழற்றி, யன்னல் கண்ணாடியே ஒரு மணிக்கூடு என்றால், அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவருக்கு முள் எந்தப் பக்கம் ஓடும் என்று என்னைக் கேட்டாள். பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம். நாங்கள் கவிழ்த்துப் பூட்டிய சக்கரத்துக்கு எங்கள் வலம் இடமாக இருந்திருக்கிறது. பிஸ்ரன் காற்றை நெருக்கிக்கொண்டு உச்சிக்கு வரச் சற்று முன்னரே விழ வேண்டிய பொறி, அது உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகு விழுந்துகொண்டிருந்தது. பந்தி முடிந்து இலையெடுத்த பிறகு சோற்று வாளியோடு வருகிறவரைப் போல. வெளியில் கழற்றி வைத்துப் பார்த்தால் பொறி நல்ல பொறிதான். நேரம்தான் பிழை. எண்ணெயைச் சொல்லிச் சொல்லி நாங்கள் யாருமே கயிற்றைப் பார்க்கவில்லை.

சக்கரத்தை நிமிர்த்திப் பூட்ட வேண்டுமென்றால் கடைச்சல் பட்டறை வேண்டும். பட்டறைக்காரரோ மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் புத்தூருக்குப் போயிருந்தார். மிச்சம் இருந்தது ஒரே வழி. கயிற்றை இடமாகச் சுற்றுவது. நான் கயிற்றை எடுத்தேன், சுற்றவில்லை. எனக்குப் பின்னால் குசினி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டா என்பது அவ நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"செத்தவீட்டுச் சுத்து" என்றா அம்மா. "அவன் எங்கையோ கண்காணாத தேசத்திலை இருக்கிறான். அவன்ரை குரலைக் கேக்கிறதுக்கு அப்பிடியே சுத்தச் சொல்லுறியள்?"

ரூத் முன்னால் வந்தாள். "நான் சுத்துறன் அன்ரி. எங்கடை ஆக்களுக்கு உந்த வலம் இடம் ஒண்டும் இல்லை."

"நீயும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே. உனக்கு மட்டும் ஒண்டும் வராதோ?" என்று அம்மா அவளுடைய கையை விலக்கினா. பிறகு என்னிடமிருந்து கயிற்றை வாங்கினா. முடிச்சைச் சக்கரத்தின் வெட்டில் மாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று இடமாகச் சுற்றினா. அவவின் கை கொஞ்சமும் தடுமாறவில்லை. "கேக்கப் போறது நான். வாறது எதெண்டாலும் எனக்கு வரட்டும். இழு."

இழுத்தேன். எஞ்சின் ஒரு தரம் இருமி, மறுகணம் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் பிறகு எத்தனையோ பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறேன், அந்தச் சத்தத்துக்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை. ஒழுங்கையில் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. ரூத்தின் வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய்ப் பொட்டு. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது என்று முன்பே தெரிந்திருந்ததால் எஞ்சினில் பூட்டிய டைனமோவிலிருந்து நீள வயர் இழுத்து வைத்திருந்தோம்; வீட்டின் மறுகோடி அறையில் அம்மா றேடியோவோடு போயிருந்து கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டா. நாங்கள் வெளியில் நின்று, எண்ணெய்த் தொட்டியாகத் தொங்கவிட்டிருந்த சேலைன் போத்தலிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், எஞ்சினை ஒரே ஓட்டத்தில் பிடித்து வைத்திருந்தோம். ஆகவே அண்ணை என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை. என்னுடைய எஞ்சின் மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கசற்றின் ஒரு பக்கம் அரை மணித்தியாலம் ஓடும் என்பது ரூத்தின் கணக்கு. மணிக்கூட்டைப் பார்த்து அரை மணி விட்டு, இருக்கட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடமும் விட்டு, நான் பிளக் வயரைத் தட்டிவிட்டேன். சடாரென்று அமைதி. கொஞ்ச நேரத்தால் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தா. கண் சிவந்திருந்தது.

"தானா நிண்டதோ?"

"இல்லை அம்மா, நான்தான் நிப்பாட்டினனான். முடிஞ்சிருக்கும் எண்டு" என்றேன் பெருமையாக.

"ஓம், முடிஞ்சுது" என்றா அம்மா. "நல்லாச் சாப்பிடுறானாம். குளிர்தான் கூடவாம்." என் தலையில் கைவைத்து, எண்ணெய்க் கரி பிடித்த நெற்றியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டா. பின்னேரம் அப்பா வந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். திங்கட்கிழமை விடிய அவர் கடலில் நின்றார்.

அடுத்த வருடம் நாங்கள் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது கிணறு இருந்தது, பனங்குற்றியும் எஞ்சினும் இல்லை. ரூத் இப்போது கனடாவில் கணக்குப் படிப்பிக்கிறாள். தொண்டைமானாற்றுப் பிள்ளைகளுக்குப் பிளக்கைத் தணலில் சுட்ட கதையைச் சொன்னால், நான் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். அண்ணை தினமும் தொலைபேசியில் முகம் காட்டுகிறார்; சில நாள் பேச ஒன்றும் இல்லாமல் தான் வாங்கிய கரட் கிழங்கைக் காட்டுகிறார். அப்பா போய் எட்டு வருடம். அம்மா போன வருடம் போய்விட்டா.

ஆண்டுத் திவசத்துக்கு அண்ணை வந்திருந்தார். அலுமாரியை ஒழித்தபோது கூறைச் சேலைக்குள்ளிருந்து அந்தக் கசற் விழுந்தது. நல்லூரில் பழைய சாமான் திருத்துகிற ஒருவரிடம் ஒரு றேடியோவை இரவல் வாங்கி வந்து, இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். இருபத்திநாலு வயது அண்ணை அரை மணித்தியாலமும் தான் சமைத்த கறிகளைப் பற்றியே கதைத்தார். அறுபதை நெருங்குகிற அண்ணை வெட்கப்பட்டுச் சிரித்தார். கடைசியில் அந்தக் குரல், "மற்றப் பக்கத்தைப் போட்டு, சிவத்தப் பொத்தானையும் சேர்த்து அமத்திக் கதைச்சு அனுப்புங்கோ அம்மா" என்றது. அப்படி ஒன்றும் தனக்கு வந்து சேரவே இல்லை என்றார் அண்ணை. நான் கசற்றைத் திருப்பிப் போட்டேன்.

தூரத்தில் 'டப் டப் டப்' என்று என் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலாக அம்மா, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, அவசரமாகக் கதைத்தா.

"தம்பி, நீ சொன்னமாதிரி அமத்தியிருக்கிறன். கேக்குதே, உன்ரை தங்கச்சி செய்த எஞ்சின். ராசா, நான் கயித்தை இடப்பக்கமாச் சுத்திப் போட்டன். பிள்ளையளுக்கு முன்னாலை துணிவாத்தான் சுத்தினனான், இப்பதான் பயமாக் கிடக்கு. உனக்கு ஒரு சுகயீனமும் இல்லையெண்டு ஒரு வரி எழுதிப் போடு. எனக்கு அது போதும். இன்னொண்டு சொல்லோணும் தம்பி, இவள் தங்கச்சியைப் பற்றி..."

அந்த இடத்தில் எஞ்சினும் அம்மாவும் ஒன்றாக நின்றார்கள். அண்ணை இன்னும் வரும் என்று நெடுநேரம் காத்திருந்தார். வராது என்று எனக்குத் தெரியும். வயரைத் தட்டிவிட்டது நான். சேலைன் போத்தலில் அப்போது பாதிக்கு மேல் மண்ணெண்ணெய் இருந்தது.